மலை இறங்கி வந்த விருந்தாளி

எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே போய் வருவேன்.

புதுக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் பலர் பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். டின் நிறைந்ததும் பங்சாரில் கிளினிக் வைத்திருந்த ஒரு கண் டாக்டரம்மா வந்து எடுத்துக்கொண்டு போவார். அவரும் நண்பர்கள் சிலரும் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பகாங் மலைகளுக்குள் போய், அங்கிருக்கும் ஓராங் அஸ்லி கிராமங்களில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி கொடுத்துவிட்டு வருவார்கள். ஓராங் அஸ்லி என்றால் மலைக்காட்டின் ஆதிகுடிகள். அங்கே சாலை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது.

ஒருநாள் டாக்டரம்மா டின்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீயும் வாயேன்லா. நாங்க கண்ணைப் பார்க்குறோம். எந்தக் கண்ணாடி எந்தப் பவருன்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது.”

எனக்கு உடனே போகவேண்டும் போலிருந்தது. வீட்டில் சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “போயிட்டு வா” என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“காட்டுக்கா? யார் யார் போறாங்க?”

“டாக்டரம்மா, லேண்ட்ரோவர் ஓட்டுற அங்கிள், கிளாங்குல ஒரு தமிழ்ப் பள்ளி வாத்தியாரு. அவரு அங்க பிள்ளைங்களுக்கு மலாய் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாராம்.”

“வாத்தியாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அப்ப ஆகலை” என்றாள் அம்மா. “நானும் வரேன்.”

சொன்னபடியே வந்தாள். சனிக்கிழமை விடியற்காலை லேண்ட்ரோவர் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றபோது, அம்மா சேலைக்குக் கீழே அப்பாவின் கான்வாஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இரண்டு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கும் ஒரு குடையுமாக வாசலில் நின்றிருந்தாள். வண்டிக்குள் ஒல்லியாக ஒருவர், மடியில் கரும்பலகையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் கிளாங் வாத்தியார். அம்மா ஏறி, எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பழைய பெந்தோங் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் கரும்பலகை அம்மாவின் தோளில் வந்து இடித்தது. “மன்னிச்சிடுங்க ஆன்டி, மன்னிச்சிடுங்க ஆன்டி” என்று அவர் ராவுப் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ராவுப் தாண்டித் தார்ச்சாலை முடிந்தது. அதன்பிறகு மரலோரிகள் போகிற செம்மண் பாதை. அதுவும் முடிந்த இடத்தில் இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். வாத்தியார் கரும்பலகையை முதுகில் கட்டிக்கொண்டார். இரண்டு இடத்தில் ஓடையைக் கடக்கவேண்டியிருந்தது. அட்டை கடித்ததற்கு நான் கத்தினேன். அம்மா கத்தவில்லை. அவள் கிளாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கிராமம் ஒரு மேட்டில் இருந்தது. மூங்கில் வீடுகள், சுற்றிலும் மரவள்ளி. ஊர்த்தலைவரை அவர்கள் பத்தின் என்பார்கள். எங்கள் பத்தினுக்கு அறுபது வயது இருக்கும். குட்டையானவர், அகலமான தோள். கையில் ஒரு கழியோடு வந்து எங்களை வரவேற்றார். மலாய் நன்றாகப் பேசினார். அவர் மனைவி சுட்ட மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் கொண்டுவந்து வைத்தார். அம்மா தூக்கைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை எடுத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய்தான். அது போதுமானதாக இருந்தது.

பரிசோதனை மரத்தடியில் ஆரம்பித்தது. ஆங்கில E எழுத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அச்சடித்த அட்டையை மரத்தில் மாட்டினோம். படிக்கத் தெரியவேண்டியதில்லை. எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அந்தப் பக்கம் கையைக் காட்டினால் போதும். பெரிய எழுத்தில் தொடங்கி வரிசை வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போகும்.

முதலில் பத்தின் உட்கார்ந்தார். ஊரே அவருக்குப் பின்னால் கூடி நின்றது. டாக்டரம்மா எழுத்தைத் தொட்டுக் காட்டக் காட்ட, பத்தின் கையை மேலே, கீழே, வலது, இடது என்று நீட்டிக்கொண்டே போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி வரிசை எறும்பு அளவுதான் இருக்கும், அதையும் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா சந்தோஷப்பட்டு, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கண்ணிலும் பாப்பா வெள்ளைவெளேரென்று இருந்தது. முற்றிப்போன கண்புரை.

“இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா கடைசி லைன் வரைக்கும் சொன்னாரு?”

கூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “டாக்டர், அவரு எங்க சொன்னாரு? இங்க எல்லாரும் சேர்ந்துல்ல சொல்றாங்க!”

பத்தினின் மனைவி, மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பாஷையில் மேலே, கீழே என்று மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஏமாற்றவேண்டும் என்று ஒருவருக்கும் எண்ணமில்லை. வெளியாட்கள் முன்னால் தலைவர் தோற்றுப்போகக்கூடாது, அவ்வளவுதான். விஷயம் வெளிப்பட்டதும் பத்தினே எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் வரை நான் டின்னைத் துழாவிக் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்றி வேட்டைக்குப் போகிற ஒரு பெரிய ஆளுக்குச் சரியாக வந்த பவர், யாரோ ஒரு சீமாட்டி விட்டுப்போன ரோஸ் நிறப் பிரேமில் இருந்தது. இரண்டு ஓரமும் பூனைக்காது மாதிரி தூக்கி, சின்னச் சின்னக் கல் பதித்தது. வேறு பிரேம் அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம், இதுதான் வேண்டும் என்றார். அடுத்த முறை போனபோது அதே பிரேம் வேண்டும் என்று மூன்று ஆண்கள் என்னிடம் வந்து கேட்டார்கள்.

அந்தப் பக்கம் வாத்தியார் கரும்பலகையை மூங்கில் சுவரில் சாய்த்து வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பாட்டுப் பாடும்வரை எல்லாரும் இருந்தார்கள். சாக்பீஸை எடுத்ததும் ஒருவர் பின் ஒருவராக நழுவிவிட்டார்கள். பத்தினுக்குப் படிப்பு பிடிக்காது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடமாக இதே கதைதான் என்று வாத்தியார் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

சாயங்காலம் டாக்டரம்மா பத்தினோடு பேசினார். கோலாலம்பூருக்கு வந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம், பார்வை வரும் என்றார். பத்தின் தலையை ஆட்டி மறுத்தார். பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவர் முன்பு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய், பேச்சுக்கு ஒரு ஆள் இல்லாமல் படுத்துக் கிடந்துவிட்டு வந்தாராம். “அங்கே யாரைத் தெரியும் எனக்கு? ஆபரேஷன் முடிந்தபிறகு எங்கே போய் இருப்பேன்?” என்று கேட்டார். போன மாதம் அவர் மூங்கில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்ததை மனைவி எங்களிடம் சொன்னார்.

அம்மா கிழங்கை மென்றுகொண்டே, “டத்தாங் ருமா சாயாலா” என்றாள். என் வீட்டுக்கு வாங்க.

நான் அம்மாவையே பார்த்தேன். பெற்ற பெண்ணை மலைக்குத் தனியாக அனுப்பப் பயந்தவள், அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்த புருஷன் பெண்டாட்டியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள்.

“நம்ம வீட்டுலயா? எத்தனை நாளைக்கு?”

“கண்ணு ஆறுற வரைக்கும். ஹால்ல பாய் போட்டா முடிஞ்சுது.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?”

“கேட்டா வேணாம்னா சொல்லப் போறீங்க?”

அப்பா கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். “இல்லைதான்” என்றார்.

அடுத்த மாதம் பத்தினும் மனைவியும் எங்களோடு லேண்ட்ரோவரில் வந்தார்கள். கூடவே இரண்டு வாழைத்தார், ஒரு சாக்கு மரவள்ளி, கட்டுக்கட்டாகப் பெத்தாய் என்கிற நெடியடிக்கும் காட்டு அவரைக்காய். குவாட்டர்ஸில் அன்று பெத்தாய் சமைக்காத வீடு இல்லை. குழாய்த் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். அம்மா வைத்த குழம்பை நாக்கில் வைத்ததும் காரத்தில் கண்ணீர் விட்டார். அவர்களுக்காக அம்மா காரமில்லாமல் தனியாகச் சமைத்தாள். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவே, தனியாக எதற்கு, அதையே போடு என்று குழம்புச் சட்டியைக் காட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது சுவர் அதிரும். முதல் நாள் பத்தின் எழுந்து நின்றுவிட்டார். பிறகு அதுவே அவருக்குப் பிடித்துப்போனது. அப்பா பின்வாசலில் பக்கத்தில் உட்கார்ந்து, இது ஈப்போ போவது, இது தெற்கே சிங்கப்பூருக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பார். சில நாளில் பத்தின் சத்தத்தை வைத்தே சரக்கு வண்டியா, ஆள் வண்டியா என்று சொல்லத் தொடங்கினார். வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் அப்பா இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. பத்தின் தனியாகக் கிடக்கவில்லை. அம்மா முறைவைத்துக் குவாட்டர்ஸ் பெண்களை எல்லாம் பார்க்க அனுப்பினாள். கூட்டத்தைக் குறைக்கச்சொல்லி நர்ஸே கெஞ்சும்படி ஆயிற்று. வீட்டுக்கு வந்து, தையல் பிரித்து, கண் ஆறிய பிறகு டாக்டரம்மா பவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் வரவில்லை. கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் போலக் கனமாக இருக்கும்.

நானே அதைக் கொண்டுபோய் அவர் காதில் மாட்டினேன். அவர் முதலில் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாவும் வெடுக்கென்று பதில் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று மலாயில் கேட்டோம்.

“நீ கிழவியாயிட்டியே என்கிறார். நீ மட்டும் என்ன என்றேன்” என்றார் அந்த அம்மா.

அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாகவும் கிட்டத்திலும் காட்டும். பத்தின் தேநீர் கிளாசை எடுக்கப் போய்க் காற்றைப் பிடிப்பார். இரண்டு நாளில் பழகிவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து வாசலில் நடக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தெருமுனை, கடைத்தெரு என்று தூரம் கூடியது.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அம்மா செருப்பில்லாமல் கடைக்கு ஓடிவந்தாள்.

“பத்தினைக் காணோம்டி! பாசாருக்குப் போற வழியில பார்த்தேங்கிறாங்க. அங்கயும் இல்லை. அப்பா பங்சார் பக்கம் தேடிக்கிட்டுப் போயிருக்காரு. அந்தம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?”

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். காட்டில் எந்த மூலையிலும் வழி கண்டுபிடிக்கிறவருக்கு இங்கே எல்லாத் தெருவும் ஒன்றுபோலத்தானே இருக்கும். போலீசுக்குச் சொல்லலாம் என்று முதலாளி டெலிபோனை எடுக்கப் போனபோது அதுவே மணி அடித்தது. எனக்குத்தான்.

“நான் கிளாங்லருந்து பேசுறேன்” என்றது வாத்தியாரின் குரல். மலைப் பயண விஷயம் பேசுவதற்காக எங்கள் எல்லாரிடமும் கடை நம்பர் இருந்தது. “பதறாதீங்க. பத்தின் என் வகுப்புல உக்காந்திருக்காரு.”

“எங்க?”

“ஸ்கூல்ல. ஒண்ணாம் வகுப்புல. கடைசி பெஞ்சுல.”

நடந்தது இதுதான். பத்தின் கடைத்தெரு வரை நடந்து களைத்துப்போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பஸ் என்ன நிறம் என்று மனைவியைக் கேட்டு வைத்திருந்தார். அதே நிறத்தில் ஒரு பஸ் வர, வீட்டுக்குத்தான் போகும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த நம்பரும் ஊரும் அவருக்கு வெறும் கோடுகள். பஸ் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. டிக்கெட் கொடுக்க வந்த தமிழ் கண்டக்டர் இது கிளாங் பஸ் என்று சொன்னதும், பத்தினுக்குக் கிளாங் என்ற பெயர் பிடிபட்டது. “சிக்கு கிளாங்” என்றார். சிக்கு என்றால் ஆசிரியர். எந்த சிக்கு என்று கண்டக்டர் கேட்க, ஒல்லியான தமிழர், முதுகில் கரும்பலகை தூக்குகிறவர் என்று, மனைவி சொல்லிக் கேட்டிருந்த அடையாளத்தைச் சொல்லியிருக்கிறார். கரும்பலகை கண்டக்டருக்குப் புரியவில்லை. ஆனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி இருப்பது தெரியும். தேநீர் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் அங்கே விட்டுவிட்டார்.

பள்ளி விட்டதும் வாத்தியாரே அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்தினின் மனைவி ஓடிவந்து அவர் தோளில் இரண்டு அடி கொடுத்தார். அம்மா சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். எல்லாரையும் உட்காரவைத்துச் சோறு போட்டாள். வாத்தியாருக்கு மட்டும் கேட்காமலேயே இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். “சாப்பிடுங்க தம்பி” என்றாள். அதுவரை அவர் அம்மாவுக்கு ‘சார்’தான்.

சாப்பிட்டு முடித்ததும் பத்தின் வாத்தியாரிடம் கேட்டார். “அந்தப் பிள்ளைகள் எல்லாம் மத்தியானம் எங்கே போனார்கள்?”

“வீட்டுக்குத்தான்.”

“தினமும் வீட்டுக்குப் போவார்களா? அம்மாவிடமா?”

“ஆமாம்.”

பத்தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பு ஒரு தடவை கிராமத்துப் பிள்ளைகள் நாலு பேரைப் படிக்கவைப்பதாகச் சொல்லி, தூரத்தில் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனார்களாம். அழுது அழுது மெலிந்துபோய், ஒரு பையன் காட்டு வழியாக நடந்தே திரும்பி வந்துவிட்டானாம். பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவது என்றுதான் ஊரில் எல்லாருக்கும் எண்ணம். இன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் கரும்பலகையைப் பார்த்து வாசித்ததையும், மணி அடித்ததும் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியதையும் பார்த்திருக்கிறார்.

“பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே தூங்குவதானால் சொல்லிக்கொடு” என்றார். “எனக்கும் அந்தப் பஸ் நம்பரைச் சொல்லிக்கொடு.”

“ரெண்டு வருஷமா போறேன்” என்று வாத்தியார் என்னிடம் மெல்லச் சொன்னார். “ஏன் வேணாம்னு ஒருநாள்கூடக் கேட்கத் தோணலையே.” அப்புறம் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததைப் பத்தினின் மனைவி பார்த்தார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய அடுத்த மாதம் நாங்கள் மலைக்குப் போனபோது, மரத்தடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மூங்கில் கொட்டகை நின்றிருந்தது. பெஞ்சுகள் கூட மூங்கிலில் செய்திருந்தார்கள். மற்ற நாட்களில் பாடம் நடத்த, தாய்மாமன் ஊரில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்த அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தியை வாத்தியார் தயார்படுத்தினார். முதல் வகுப்பில் பிள்ளைகளோடு பத்தினும் சோடா பாட்டில் கண்ணாடியோடு உட்கார்ந்து எண்கள் எழுதினார். இந்த முறை முணுமுணுக்க வந்தவர்களை அவரே விரட்டினார்.

அன்று சாயங்காலம் பத்தினின் மனைவி அம்மாவிடம், “கல்யாணம் எப்போது?” என்று கேட்டார்.

“யாருக்கு?”

அந்த அம்மா வாயைத் திறக்காமல், உதட்டைக் குவித்து என்னையும் வாத்தியாரையும் மாறி மாறிக் காட்டினார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் டின்னுக்குள் தலையை விட்டுக் கண்ணாடி தேடுவது போலப் பாவனை செய்தேன். வாத்தியார் சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது அம்மா லேண்ட்ரோவரில் முன்னால் ஏறிக்கொண்டாள். “பின்னாடி ஒரே ஆட்டம், எனக்கு ஒத்துக்கலை” என்றாள். பெந்தோங் வந்ததும் திரும்பாமலேயே, “தம்பி, கிளாங்குல உங்க வீடு எந்தப் பக்கம்? அம்மா அப்பா இருக்காங்கள்ல?” என்று கேட்டாள்.

அடுத்த வருடம் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கல்யாணம் நடந்தது. மலையிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். வேட்டைக்காரர் ரோஸ் கண்ணாடியோடு வந்திருந்தார். பத்தினின் மனைவி தன் கையால் முடைந்த பாயை எங்களுக்குக் கொடுத்தார். பந்தியில் அவர் ரசம் மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்ததை அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாங்கள் மலைக்குப் போனபோது, பத்தினுக்குப் பார்வை வந்த செய்தி பரவிப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கைக்குழந்தைகளோடு, கோழிகளோடு, விடியுமுன்னே கிளம்பி நடந்து வந்தவர்கள். கொட்டகைக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் வாசிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் நேரே அங்கே போய்விட்டார். டாக்டரம்மா அட்டையை மரத்தில் மாட்டினார். நான் தரையில் பாயை விரித்து, டின்னைக் கவிழ்த்துக் கொட்டி, முதலில் வந்த பாட்டியை உட்காரச் சொன்னேன். அன்றைக்கு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலு தாண்டிவிட்டது.